காடும் வீடுமாக வாழ்ந்த அப்பாவுக்கு நினைவு மலர் தொகுப்பது எப்படி

அப்பா இறந்த ஐந்தாம் நாள் அச்சகத்திலிருந்து தொலைபேசியில் கேட்டார்கள்: "பதினாறுக்கு நினைவு மலர் போடுறீங்களா? மேட்டர் நாளைக்குள்ள வந்தா முடிச்சிரலாம்." ஏற்கெனவே யாருக்கோ அச்சடித்த மாதிரி ஒன்றையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவைத்தார்கள். பிறந்த ஊர், பெற்றோர், பணியில் சேர்ந்த தேதி, ஓய்வு பெற்ற தேதி, மக்கள், மருமக்கள், பேரன் பேத்திகள், கடைசிப் பக்கத்தில் ஒரு பதிகம். அந்த இடங்களில் எங்கள் விவரங்களை இட்டு நிரப்பிப் பார்த்தபோது, ராஜபாளையத்தில் 34 ஆண்டுகள் நூற்பாலை ஃபிட்டராக இருந்த எவருக்கும் அது பொருந்தும் என்று தெரிந்தது. வார விடுமுறை வந்தால் விடியுமுன் அய்யனார் கோவில் பக்கம் கிளம்பிவிடுகிற, கண்மாய்க்கரையில் தூண்டிலோடு அரை நாள் பேசாமல் உட்கார்ந்திருக்கிற, அமாவாசை தவறாமல் சதுரகிரி ஏறிய எங்கள் அப்பா அதில் எங்கும் இல்லை.

அதனால் அன்றைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். படத்திறப்பு அன்று படிப்பதற்கு ஒரு பக்கம் மட்டும் எழுதிக்கொண்டு, முழு மலரை முதலாண்டு திதிக்குத் தள்ளிவைத்தோம். இதே நிலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடிய முதல் யோசனையும் இதுதான்: பதினாறு நாளுக்குள் மலரை முடிக்கப் பார்க்காதீர்கள். யாழ்ப்பாணத்தில் 31ஆம் நாள் சடங்கான அந்தியேட்டிக்கு நினைவு மலர் வெளியிடுவது நெடுநாள் வழக்கம். முன்பு அதைக் 'கல்வெட்டு' என்றே சொன்னார்கள். இறந்த ஆண்டும் மாதமும் பட்சமும் திதியும் அமைய ஒரு வெண்பாவும் அதில் இருக்கும். அங்கே வடிவமும் எழுதிப் பழகியவர்களும் தயாராக இருப்பதால் ஒரு மாதத்தில் முடிகிறது. நாமோ புதிதாகத் தொடங்குகிறோம். காட்டிலும் மலையிலும் பாதி வாழ்க்கையைக் கழித்த ஒருவரைப் பற்றிய செய்திகள் வீட்டுக்குள் இருப்பதில்லை. அவரோடு நடந்தவர்களிடம் சிதறிக் கிடக்கின்றன. அவற்றைச் சேர்க்க மாதங்கள் வேண்டும்.

முதல் இரண்டு வாரங்களில் கைவிட்டுப் போகக்கூடியவை

எழுதுவதைத் தள்ளிப்போடலாம், சேகரிப்பதைத் தள்ளிப்போட முடியாது. துக்க வீட்டில் எல்லோரும் ஆளுக்கொரு கைவேலையாக அறையை ஒழுங்கு செய்யத் தொடங்குவார்கள். அந்த நல்லெண்ணத்தில்தான் பாதிச் சான்றுகள் குப்பைக்குப் போகின்றன. அப்பாவின் தோள்பை, டார்ச், கைத்தடி, தூண்டில் கம்பு, தக்கைகளும் முள்களும் போட்டுவைத்த தகர டப்பா ஆகியவற்றை யாரும் துடைக்கவோ பிரிக்கவோ செய்யுமுன், இருந்த இடத்தில் இருந்தபடியே படமெடுத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் பையைத் துவைக்கப் போட்டுவிட்டார்கள். அதன் பக்கவாட்டுப் பையில் மடித்திருந்த சீட்டு கூழாகி வந்தது. அதில் என்ன இருந்தது என்பது இனி யாருக்கும் தெரியாது.

அடுத்தது செல்பேசி. எண்ணை ரீசார்ஜ் செய்யாமல் விட்டால், 90 நாள் பயன்பாடு இல்லாத சிம்மை நிறுவனம் முடக்கிவிடலாம். பிறகு அந்த எண் வேறொருவருக்குப் போய்விடும். வாட்ஸ்அப் கணக்கும் தொடர்ந்து பயன்படுத்தாவிட்டால் பொதுவாக 120 நாளில் நீக்கப்படும். இரண்டு ஆண்டுகள் திறக்கப்படாத கணக்கையும் அதிலுள்ள படங்களையும் கூகுள் அழித்துவிடக்கூடும். ஆகவே குறைந்த கட்டணத்தில் ஓர் ஆண்டுக்காவது எண்ணை உயிரோடு வைத்திருங்கள். குரல் செய்திகளை முதலில் தனியாகப் படியெடுங்கள். அப்பாவின் குரல் எங்களுக்கு எஞ்சியிருப்பது, "ஆறாவது மைல் டேம் நெறஞ்சிருச்சு, பிள்ளைகளைக் கூட்டிட்டு வா" என்று அக்காவுக்கு அனுப்பிய 9 நொடிச் செய்தி ஒன்றில்தான். படங்களிலும் எடுத்த நாளும் நேரமும் பதிவாகியிருக்கும். இருப்பிடப் பதிவை இயக்கி வைத்திருந்தவரானால் இடமும் இருக்கும். வாட்ஸ்அப் வழியாக ஒருமுறை அனுப்பிவிட்டால் இந்த விவரங்கள் பெரும்பாலும் உதிர்ந்துவிடுகின்றன என்பதால், மூலப் படத்தைக் கேபிள் வழியாகவே கணினிக்கு மாற்றுவது நல்லது.

பழைய அச்சுப் படங்களை ஆல்பத்திலிருந்து பிய்க்க வேண்டாம். பசைத்தாளில் ஒட்டிய படம் உரிந்தால் முகமும் சேர்ந்து உரியும். ஜன்னலோர வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், செல்பேசியை நேர் மேலே பிடித்து எடுத்தாலே மலருக்குப் போதுமானதாக இருக்கும். தனியாகக் கிடைக்கும் சிறிய படங்களை 600 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டுடியோ முத்திரையும் பென்சில் குறிப்பும் இருப்பது முதுகுப்புறம் என்பதால் அதையும் ஸ்கேன் செய்துகொள்ளுங்கள்.

ஆண்டைக் கேட்காதீர்கள், வழியைக் கேளுங்கள்

தகவல் திரட்டும்போது நான் செய்த பெரிய பிழை, ஒரு நோட்டில் 1970, 1975, 1980 என்று வரிசையாகத் தலைப்பிட்டுக்கொண்டு போனதுதான். அப்பாவோடு நாற்பது ஆண்டுகள் மலையேறிய மாமா ஒருவர் இருக்கிறார். அவரிடம் "எண்பதுகள்ல அப்பா எப்படி இருந்தாங்க?" என்று கேட்டேன். "நல்லாத்தான் இருந்தாரு" என்றார். அதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. அரை மணி நேரம் இருவரும் தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இரண்டாம் முறை போனபோது கேள்வியை மாற்றி, சதுரகிரி அடிவாரமான தாணிப்பாறையிலிருந்து தொடங்கினேன். "தாணிப்பாறையில எறங்குனதும் மொதல்ல என்ன செய்வீங்க மாமா?" அவ்வளவுதான். குதிரை ஊற்றில் யார் முதலில் முகம் கழுவுவார்கள், வழுக்குப்பாறையில் அப்பா செருப்பைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொள்வது ஏன், கோரக்கர் குகைப் பக்கம் எந்த ஆண்டு மரம் விழுந்து வழி மாறியது, இரட்டை லிங்கத்தில் பொட்டலம் பிரித்து யார் வீட்டுப் புளியோதரைக்குப் போட்டி நடக்கும், நாவல் ஊற்றில் தண்ணீர் வற்றினால் பெரிய பசுக்கிடை வரைக்கும் எப்படிச் சமாளிப்பார்கள் என்று ஒவ்வோர் இடமாக மனிதர் ஏறிக்கொண்டே போனார். பிலாவடிக் கருப்பர் சன்னிதி வந்தபோது நேரம் இரண்டரை மணி ஆகியிருந்தது. என் செல்பேசியின் பதிவு இடையிலேயே நின்றுபோயிருந்தது.

வெளியில் திரிந்தவர்களின் நினைவு பாதையின் வரிசையில்தான் அடுக்கப்பட்டிருக்கிறது. மலையேறியவரானால் அடிவாரத்திலிருந்து தொடங்குங்கள். தூண்டில் போட்டவரானால் மடையிலிருந்து கலிங்கு வரைக்கும் கரையோடு கேட்டுக்கொண்டு போங்கள். பறவை பார்த்தவரானால் விடியற்காலையில் வீட்டுக் கதவைத் திறந்ததிலிருந்து கேளுங்கள். முடியுமானால் அந்த இடத்துக்கே உடன் கூட்டிச்செல்லுங்கள். அந்த வயதில் அவர்களால் நடக்க முடியாதென்றால், ஒரு தாளில் வழியைக் கோடாக வரைந்து எதிரில் வையுங்கள். பேனாவை வாங்கி அவர்களே திருத்தத் தொடங்குவார்கள். செல்பேசியை ஒளித்துவைத்துப் பதிவு செய்ய வேண்டாம். கேட்டுவிட்டு, கண்ணில் படும்படி வையுங்கள். பத்து நிமிடத்தில் அதை மறந்துவிடுவார்கள். சேமிப்பு இடம் போதுமா, சார்ஜ் இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

அவர்கள் சொல்லும் பெயர்களை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் அப்பா கரிச்சானை 'ரெட்டைவால் குருவி' என்றுதான் சொல்வார். மலரிலும் அவர் பேசும் இடங்களில் அதுவே இருக்கிறது. பேரப்பிள்ளைகள் பிறகு தேடிப் பார்க்க ஏதுவாக, முதல் முறை வரும் இடத்தில் மட்டும் கரிச்சான் என்ற பெயரைச் சேர்த்தோம். கெண்டை, கெளுத்தி, ஆரால், குறவை, ஜிலேபி என்று மீன்களைத் தனித்தனியாகப் பெயர் சொல்லிப் பேசிய மனிதரைப் பற்றி 'மீன்பிடிப்பதில் ஆர்வம் கொண்டவர்' என்று எழுதிவிட்டு நகர்வது நியாயமாகாது.

ஆண்டு பிறகு தானாகக் கிடைக்கும். "எம்.ஜி.ஆர். செத்த வாரம்தான் கண்மாய்ல அந்தப் பெரிய விரால் மாட்டுச்சு" என்று ஒருவர் சொன்னால், அது 1987 டிசம்பர் கடைசி வாரம். தாமிரபரணியில் வெள்ளம் வந்த ஐப்பசி என்றால் 1992 நவம்பர். சுனாமிக்கு மறுநாள் என்றால் 2004 டிசம்பர் 27. வீட்டில் யார் பிறந்திருந்தார்கள், எந்த அத்தைக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை, அப்பாவுக்கு அந்த வாரம் எந்த ஷிப்டு என்பனவும் உதவும். நாளைத்தான் இப்படிச் சரிபார்க்க முடியும், மீனின் எடையைச் சரிபார்க்க முடியாது. அது ஆண்டுக்குக் கால் கிலோ வீதம் வளர்ந்துகொண்டே இருக்கும். அந்த விரால் ஒருவர் கணக்கில் இரண்டரைக் கிலோ, இன்னொருவர் கணக்கில் நான்கு. நாங்கள் இரண்டு கணக்கையும் போட்டோம்.

அம்மாவை உட்காரவைத்துக் கேட்பது

பெரும்பாலான நினைவு மலர்களில் மனைவியின் பெயர் ஒரு வரியில் வரும்: 'இல்லறத்தில் உறுதுணையாக நின்றார்' என்று. அப்படி எழுதுவதோடு நின்றால் உங்கள் தொகுப்பில் காடு ஒருபுறமும் வீடு ஒருபுறமுமாக நிற்கும். குடும்பத்துக்காகவே வாழ்ந்தார் என்றும் இயற்கையோடு வாழ்ந்தார் என்றும் இரண்டு பத்திகளை எழுதிவிட்டு, இரண்டையும் இணைக்க வழியில்லாமல் தவிப்பீர்கள். நானும் அப்படித் தவித்தேன். இரண்டும் சேரும் இடம் எது என்பதை அம்மாதான் காட்டினார்.

"அவுக போறதப் பத்தி எனக்கு என்ன தெரியும்? வர்றதுதான் தெரியும்" என்று தொடங்கினார். "அஞ்சரை மணிக்கு மேல ஆச்சுன்னா வாசல்லதான் நிப்பேன். நாய்க்கு மொதல்ல தெரிஞ்சுரும். அது எந்திருச்சு காதத் தூக்குச்சுன்னா நான் உள்ள போய் உலைய வச்சுருவேன், நின்ன மாதிரியே காட்டிக்கிட மாட்டேன்."

நான் பிறந்து வளர்ந்த வீட்டில், ஒவ்வொரு ஞாயிறும் நடந்த இந்த நாடகம் எனக்குத் தெரியாது. இதைக் கேட்ட பிறகு மலரின் நடுப்பகுதியை முழுக்க மாற்றினேன். அப்பா எங்கெல்லாம் போனார் என்பதோடு நிறுத்தாமல், ஒவ்வொரு முறையும் எப்படித் திரும்பி வந்தார், என்ன கொண்டுவந்தார், வந்ததும் முதலில் யாரைக் கூப்பிட்டார் என்று எல்லோரிடமும் கேட்கத் தொடங்கினேன். துண்டில் முடிந்த நாவல் பழம், பனையோலையில் கோத்த கெளுத்தி, அக்காவின் அறிவியல் நோட்டுக்காக எடுத்துவந்த ஏதோவொரு காய், மழையில் நனைந்து வந்தும் நனையாமல் வைத்திருந்த மருந்துச் சீட்டு என்று வரிசையாக வந்தன. இரவு ஷிப்டு முடித்து நேராகக் கண்மாய்க்குப் போன நாள்களிலும், நாங்கள் பள்ளிக்குக் கிளம்பும் எட்டே கால் மணிக்குச் சைக்கிளோடு வாசலில் நின்றிருக்கிறார். மீன் மாட்டியதோ இல்லையோ, அந்த எட்டே கால் தவறியதில்லை. குடும்பப் பற்று என்று பொதுவாகச் சொல்வதைவிட, இந்த ஒரு நேரத்தைச் சொன்னாலே போதும் என்று எனக்குத் தோன்றியது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு நேரமோ பொருளோ இருக்கும். அது கிடைக்கும் வரை எழுதத் தொடங்காமல் இருப்பதே நல்லது.

குறையையும் அம்மா சொன்னார். அக்காவுக்குக் காய்ச்சலாகக் கிடந்த ஓர் இரவு அப்பா மலையில் இருந்தார். செல்பேசி இல்லாத காலம். அது முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் ஆறாத வருத்தமாக இருந்தது. அதைச் சேர்க்கலாமா என்று வீட்டில் பெரிய விவாதம் நடந்தது. சித்தப்பா கூடாது என்றார். அம்மா, "நான்தான சொல்றேன், போடு" என்றார். போட்டோம். இப்படிப்பட்டவற்றில் என் அளவுகோல் இதுதான்: நோவு யாருடையதோ அவர் சம்மதித்தால் சேர்க்கலாம், அவர் உயிரோடு இல்லையென்றாலோ, தயங்கினாலோ விட்டுவிட வேண்டும்.

துணைக்கு வந்த உயிர்களையும் விடாதீர்கள்

அம்மா சொன்ன அந்த நாய் வெள்ளை ராஜபாளையம். எங்கள் ஊர் இனம். 2005இல் இந்திய அஞ்சல் துறை இதற்குத் தபால்தலையே வெளியிட்டது. தொகுப்பில் நாயைப் பற்றி ஒரு பக்கம் என்றதும், மனிதருக்கான மலரில் நாய் எதற்கு என்று உறவினர் ஒருவர் முகம் சுளித்தார். நம்மில் இந்த வழக்கம் புதியதில்லை. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. எருமைகளைக் காத்துப் பூசலில் இறந்த வீரனுக்கு நட்ட கல் அது; அவனுடைய நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன் என்பதும், அது இரண்டு கள்வரைக் கடித்துக் காத்து நின்றது என்பதும் எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. கல்லில் எழுத்து வெட்டுவது கடினமான வேலை, இடமும் குறைவு. அந்தச் சிறு இடத்திலும் 'அவன் வீரன்' என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், நாயின் பெயரையும் அது செய்த காரியத்தையும் சேர்க்க வேண்டும் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. ஏறத்தாழ 1,400 ஆண்டுகள் கழித்தும் அந்த மனிதனைப் பற்றிப் படிக்கும்போது நம் மனம் அந்த நாயிடம்தான் போய் நிற்கிறது. இதைச் சொன்னதும் உறவினர் அமைதியாகிவிட்டார்.

துப்பாக்கியும் கொம்பும் கிடைத்தால்

இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் பலரும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். 1950க்கு முன்பின் பிறந்து மலையடிவாரத்தில் வளர்ந்த ஆண்கள் பலர் இளமையில் முயல் வேட்டைக்கோ காட்டுக்கோழிக்கோ போயிருப்பார்கள். வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972இல்தான் வந்தது. 1991இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமே இல்லாமல் போனது. ஆகவே பழைய படத்தில் நாட்டுத் துப்பாக்கியோடு அப்பா நிற்பதைப் பார்த்தால் பதறவும் வேண்டாம், பெருமைப்பட்டு அட்டையில் போடவும் வேண்டாம். அது எந்தக் காலம் என்பதைச் சொல்லி, பின்பு அவர் எப்போது, எதனால் நிறுத்தினார் என்பதையும் விசாரித்து எழுதுங்கள். அந்த மாற்றம்தான் பெரும்பாலும் நல்ல கதையாக இருக்கும். எங்கள் அப்பா 1988இல் ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல்நிற அணில் சரணாலயம் அறிவிக்கப்படுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே கவணைக்கூடத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டார். ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை. மாமாவிடம் கேட்டபோது அவரும் உதட்டைப் பிதுக்கினார். தெரியாததை அப்படியே விட்டுவிட்டோம். காரணம் ஒன்றை நாமே கற்பித்து அவர் வாயில் திணிப்பது மரியாதையில்லை.

பரணில் மான் கொம்போ, பல்லோ, நகமோ கிடைத்தால் நிலைமை வேறு. காட்டில் உதிர்ந்து கிடந்ததை எடுத்ததாகவே இருந்தாலும், உரிய சான்று இல்லாமல் வீட்டில் வைத்திருப்பது சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடும். அதைப் படமெடுத்து மலரிலோ குடும்ப வாட்ஸ்அப் குழுவிலோ போடாதீர்கள். பங்கு பிரித்துச் சித்தப்பா வீட்டுக்குக் கொடுத்தனுப்பவும் வேண்டாம். சான்றிதழ் ஏதேனும் இருக்கிறதா என்று அவருடைய காகிதங்களில் தேடுங்கள். இல்லையென்றால் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொண்டு வனச்சரக அலுவலகத்தை அணுகுங்கள். துப்பாக்கி உரிமம் இருந்தால், உரிமதாரர் இறந்த செய்தியைக் காவல் நிலையத்துக்குத் தெரிவித்துத் துப்பாக்கியை ஒப்படைப்பதை முதல் வேலையாகச் செய்யுங்கள். மலர் வேலையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இன்னொரு எச்சரிக்கை. இருவாச்சி கூடு கட்டும் மரம், தேனடை இருக்கும் பாறை, காட்டுக்குள் போகும் ஒற்றையடிப் பாதை ஆகியவற்றின் சரியான இடத்தை அச்சில் காட்டாதீர்கள். சதுரகிரி உள்ளிட்ட இந்த மலைப்பகுதி 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். அப்பா போன வழியில் நாமும் போகலாமே என்று மலரைப் படித்த இளைஞன் யாராவது கிளம்பிவிடக் கூடாது.

எழுத உட்காரும்போது

சேர்த்ததில் பத்தில் ஒரு பங்குதான் மலருக்குள் போகும். எங்களிடம் ஏழு மணி நேரக் குரல் பதிவும், மில் கொடுத்த பாக்கெட் டைரிகள் பதினொன்றும் இருந்தன. டைரியில் அப்பா உணர்ச்சி எதையும் எழுதியதில்லை. மாதிரிக்கு ஒரு பதிவு: 'காலை 5.10 கிளம்பி. நாவல் ஊற்றில் தண்ணி விரல் கனம். மேலே கரடி விட்டை. மாலை 6 வீடு. அரிசி 5 கிலோ.' இப்படியொரு குறிப்பு கிடைத்தால் அதைத் திருத்தமான தமிழுக்கு மாற்றாமல், அவர் கையெழுத்திலேயே ஸ்கேன் செய்து முழுப் பக்கமாகப் போடுங்கள். கரடி விட்டையும் அரிசியும் ஒரே பதிவில் இருப்பதே அவரைப் பற்றி நாம் எழுதக்கூடிய பல பத்திகளுக்குச் சமம்.

நம் சொந்த எழுத்தில் தவிர்க்க வேண்டியவை சுவரொட்டிகளில் பழகிப்போன சொற்கள்: பாசமிகு, பண்பாளர், கொடை உள்ளம், இயற்கையின் காதலர். இவை தவறான சொற்கள் அல்ல. யாருக்கும் பொருந்துவதால் யாரையும் காட்டுவதில்லை, அவ்வளவுதான். முதல் வரைவை எழுதி முடித்ததும் ஒரு சிவப்புப் பேனாவை எடுத்து, அப்பாவின் பெயரை நீக்கிவிட்டு வேறு பெயரைப் போட்டாலும் நிற்கக்கூடிய வாக்கியங்களை எல்லாம் அடித்துவிடுங்கள். என் வரைவில் பன்னிரண்டு பக்கம் நான்காகிவிட்டது. பிறகுதான் உண்மையில் எழுதத் தொடங்கினேன்.

பேசியவர்களின் பேச்சைப் பேச்சாகவே விடுங்கள். அம்மா 'அவுக' என்று சொன்னதை 'அவர்' என்று மாற்றினால் அது அம்மாவாக இருக்காது. விவரிக்கும் பகுதிகள் எழுத்துத் தமிழிலும், மேற்கோள்கள் பேச்சிலும் இருப்பது படிப்பவருக்கு எந்த இடைஞ்சலும் தருவதில்லை. படத்திறப்பில் வாசிக்கும் பக்கம் மட்டும் வேறு வகை: 400 சொல்லுக்கு மேல் போகக் கூடாது, ஒரே ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்ள வேண்டும், அழுகை வந்தால் தொடர்ந்து படிக்க இன்னொருவர் கையில் ஒரு படி இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அக்கா தொடங்கினார், மருமகன் முடித்தார்.

அச்சுக்குப் போகும்போது

நடுவில் பின் அடித்துத் தைக்கும் மலரானால் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். 32 அல்லது 48 பக்கம் கையாள எளிது. நூறு இருநூறு படிகளுக்கு டிஜிட்டல் அச்சுதான் கட்டுப்படியாகும். ஆஃப்செட் அதற்கு மேல் பார்த்துக்கொள்ளலாம். உள்பக்கங்களுக்கு மேப்லித்தோ தாளே போதும், கண் கூசாது. படங்கள் நிறைய உள்ள நடு எட்டுப் பக்கத்துக்கு மட்டும் ஆர்ட் தாள் கேளுங்கள்.

யூனிகோடில் தட்டச்சு செய்த கோப்பை அச்சகத்தில் தங்கள் எழுத்துருவுக்கு மாற்றும்போது கொம்புகள் இடம் மாறும், சில புள்ளிகள் காணாமல் போகும். நாங்கள் கொடுத்த அச்சகத்தில் 'மலை' எல்லாம் 'மல' ஆகி வந்தது. திருத்தப் படியைத் திரையில் பார்க்காமல் தாளில் எடுத்து, ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்க இன்னொருவர் அச்சுப்படியைப் பார்த்துக்கொண்டே வரவேண்டும். பெயர்களுக்கு மட்டும் தனியாக ஒரு சுற்று வைத்துக்கொள்ளுங்கள். விட்டுப்போன பேரனால் வரும் சண்டை அடுத்த தலைமுறை வரை நீளும்.

மலையிலும் ஊரிலும்

அப்பா பெயரைப் பாறையில் எழுதுவதோ, காட்டுக்குள் பலகை நடுவதோ, ஊற்றில் மாலை போடுவதோ வேண்டாம். அவருக்கே பிடித்திருக்காது என்பது ஒருபுறம். வனநிலத்தில் அது குற்றமும்கூட. அவர் நடந்த வழியில் நடந்து பார்ப்பதே தக்க அஞ்சலி என்று நினைத்தால், வனத்துறை அனுமதிக்கும் நாளிலும் நேரத்திலும் போங்கள். கோவில் வழி அல்லாத மலைநடைக்கு, 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 பாதைகளை இணையவழி முன்பதிவோடு திறந்திருக்கிறது. அவற்றில் ஒன்று உங்கள் அப்பாவின் பாதையாகவும் இருக்கக்கூடும்.

மரம் நடுவதாக இருந்தால் சொந்த நிலத்திலோ, பள்ளி வளாகத்தில் அனுமதி பெற்றோ நடுங்கள். ஐப்பசி மழை பிடித்த பிறகு நட்டால் வேர் நின்றுவிடும். ஆனாலும் இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும், ஆட்டுக்கு எட்டாத கூண்டும் வேண்டும். நாங்கள் நட்ட மூன்று நாவலில் ஒன்றுதான் பிழைத்தது.

மலரை முதலாண்டு திதியன்று கொடுத்தோம். முதல் படி மாமாவுக்குத்தான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வரிக்கு வரி விரலை ஓட்டி, அங்கேயே திண்ணையில் உட்கார்ந்து படித்தார். பதினெட்டாம் பக்கத்தில் விரல் நின்றது. "மாப்ள, இது நாவல் ஊத்து இல்லப்பா. அத்தி ஊத்து. நாவல் ஊத்து இன்னும் மேல இருக்கு" என்றார். பதிவைத் திரும்பக் கேட்டேன். அவர் சரியாகத்தான் சொல்லியிருந்தார், பிழை என்னுடையது. அன்று மாலையே ஒற்றை வரித் திருத்தத்தை நூறு சிறு சீட்டுகளில் அச்செடுத்து, கைவசம் இருந்த படிகளில் எல்லாம் பதினெட்டாம் பக்கத்தில் ஒட்டினோம். கொடுத்து முடித்தவற்றுக்கு அக்கா வீடு வீடாகச் சீட்டோடும் கோந்து பாட்டிலோடும் போய்வந்தார்.